நடு ஸ்டம்ப் நேராகத்தான் இருந்தது

பிப்ரவரி 5, ஞாயிறு

வெயில் கடுமை. காற்று இல்லை. இரண்டாம் டிவிஷன் லீக், பாளையங்கோட்டை கல்லூரி மைதானம். முதல் பந்து 9.34க்கு வீசப்பட்டது. நான்கு நிமிடத் தாமதம். காரணம் ஸ்டம்ப்.

மைதானத்துக்காரர் எதிர்முனையில் நடு ஸ்டம்பைக் கோணலாக நட்டு வைத்திருந்தார். பந்துவீச்சாளர் ஓடிவரத் தயாராகிவிட்ட பிறகுதான் கவனித்தேன். கையை நீட்டி அவரை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டு கஜம் நடந்து போய், ஸ்டம்பைப் பிடித்து நிமிர்த்தினேன். என் இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் மறுபடி வளைந்து நிற்கிறது. மறுபடி நடந்தேன். விக்கெட் கீப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

மட்டைக்காரருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்ற ஞானதுரை மெதுவாக நடந்து வந்தார். பத்தொன்பது வருடமாக என்னோடு சேர்ந்து அம்பயராக நிற்பவர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குனிந்து ஸ்டம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி, லேசா சாஞ்சுதான் இருக்கு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஸ்டம்பின் தலையைத் தொட்டார். தொட்டாரே ஒழிய அசைக்கவில்லை.

மைதானத்துக்காரரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். இருபது வருடமாகச் செய்கிற வேலையில் இப்படியா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவருக்கு வயதாகிவிட்டது.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை, கோட்டு இரண்டையும் நீலம் போட்டு அலசிக் காயப்போட்டேன். ராத்திரிக்குக் காலையில் வடித்த சோறும் பருப்புத் துவையலும்.

பிப்ரவரி 6, திங்கள்

அடுக்களைக் கதவின் நிலையும் சாய்ந்திருக்கிறது. நடுவில் தொப்பை போட்ட மாதிரி ஒரு வளைவு. வீடு பழசு. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

பிப்ரவரி 7, செவ்வாய்

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் நிலை நேராக நிற்கிறது. கொத்தனார் வேண்டாம்.

பிப்ரவரி 9, வியாழன்

கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் எண் 61. என் வயதும் அதுதான். சொட்டு மருந்தை விட்டு ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். சும்மா உட்காருவது எனக்குச் சுலபமான வேலை அல்ல.

டாக்டரம்மாவுக்கு முன்னால் ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். சட்டையில் பிரிசில்லா என்று பெயர் குத்தியிருந்தாள். ஒரு நீளமான தாளை வைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டாள். சிகரெட் பழக்கம் உண்டா? இல்லை. சர்க்கரை? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனதா? தெரியாது, யாரும் அந்த வயது வரை இருக்கவில்லை.

"வெயில்ல நிக்கிற வேலையா ஐயா?"

இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்றேன். மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. வருடம் இருநூறு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இருபத்தாறு வருடம். அதன் பிறகுதான் மேசை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பயர். வருடம் நாற்பது ஞாயிறு, ஏழு மணி நேரம், முப்பத்தொரு வருடம். இரண்டையும் கூட்டினால் இருபத்தொன்பதாயிரத்து நானூற்று எண்பது மணி நேரம். வாய்க்கணக்காகவே சொன்னேன். அவள் எடுத்த பேனாவை எடுத்தபடியே வைத்திருந்தாள்.

"தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி ஏதாச்சும் போடுவீங்களா?"

"தொப்பி 2004லேருந்து. குடை பிடிச்சிக்கிட்டு அம்பயர் நிக்க முடியாதும்மா. கறுப்புக் கண்ணாடி கெடையவே கெடையாது."

"ஏன் ஐயா?"

"ஒருத்தருக்கு அவுட்டு குடுக்கும்போது அவரு என் கண்ணப் பாக்கணும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு கையத் தூக்கப்படாது."

அவள் அதையெல்லாம் எழுதவில்லை. 'இல்லை' என்று மட்டும் எழுதினாள்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். வலது கண்ணில் விழித்திரையின் நடுப்புள்ளிக்கு அடியில் ரத்தக்குழாய் கசிகிறதாம். அதனால்தான் நேர்க்கோடு வளைகிறது. இடது கண்ணைவிட வலது கண்ணைத்தான் நான் நம்பிப் பார்க்கிறேனாம், அதனால் இரண்டும் திறந்திருந்தாலும் கோணல் தெரிகிறதாம். வெயிலால் வந்ததா என்று கேட்டேன்.

"வயசு முதல் காரணம். வெயிலும் சேர்ந்திருக்கலாம், ஆனா அதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இந்தக் கருவிழி ஓரத்துல சதை வளர்ந்திருக்கு பாருங்க, இதுல வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. இது பரவாயில்ல. உள்ள இருக்கறதுதான் அவசரம். கண்ணுக்குள்ள ஊசி போடணும். மாசம் ஒண்ணு, முதல்ல மூணு. தள்ளிப்போட்டா நடுப்பார்வை போயிடும், போனது திரும்பாது."

பதினாறாம் தேதி வரச்சொன்னார்கள். கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். கட்டம் வளைந்தால் சொல்ல வேண்டும். கிளம்பும்போது பிரிசில்லா பின்னால் ஓடி வந்து, "கூட ஒரு ஆள் கட்டாயம் வரணும் ஐயா, இல்லன்னா ஊசி போடமாட்டாங்க," என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

கட்டம் நேர். (இடது கண்.)

பிப்ரவரி 12, ஞாயிறு

வெயில் கடுமை. காலிறுதி ஆட்டம். ஸ்டம்பைப் பற்றி இன்று யாரிடமும் புகார் சொல்லவில்லை. வளைந்தது எவ்வளவு என்று பழகிவிட்டால் மனதிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம்.

பதினெட்டாவது ஓவரில் ஒரு பந்து ஸ்டம்புக்கு நேரே நின்ற மட்டைக்காரரின் முழங்காலுக்குக் கீழே பட்டது. பட்ட சத்தமே அவுட் என்று சொல்லிற்று. ஆனால் பந்துவீசியவர் தலையில் கைவைத்து நின்றாரே ஒழிய அப்பீல் கேட்கவில்லை. பதினொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பந்து எண்ணுவதற்காக ஆறு புளியங்கொட்டை வைத்திருப்பேன். ஒன்றை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிவிட்டுச் சும்மா நின்றேன்.

ஓவர் முடிந்ததும் பந்துவீசியவர் என்னிடம் கொடுத்திருந்த தன் தொப்பியை வாங்க வந்தார். "சார், அந்தப் பந்து அவுட்டுதானா?"

"அவுட்டுதான்."

"பொறவு ஏன் சார் கையத் தூக்கல?"

"நீங்க கேக்கலயே."

எவ்வளவு அப்பட்டமான அவுட்டாக இருந்தாலும், கேட்காமல் அம்பயர் கொடுக்கக் கூடாது. விதி அப்படி. விதிப் புத்தகம் முழுவதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். எத்தனை சச்சரவை இது மிச்சப்படுத்துகிறது என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் மனைவி கோமதி சொல்வாள். "எனக்குத் தலவலின்னாகூட ரெண்டு கையையும் விரிச்சுக் கத்துனாத்தான் உங்களுக்கு வெளங்கும்போல." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் போய் இந்த ஏப்ரலோடு ஆறு வருடம்.

பிப்ரவரி 14, செவ்வாய்

துணைக்கு ஓர் ஆள். யோசித்துப் பார்த்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி நாக்பூரில். ஊசிக்காக ரயிலேறி வா என்று சொல்வது நன்றாக இராது. மாடியில் குடியிருப்பவர்கள் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அலுவலகச் சிநேகிதர்களில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் சிதம்பரவேலுவுக்கே வெளியே போக ஓர் ஆள் வேண்டும்.

விளையாடுகிற பிள்ளைகள் முந்நூறு பேரைத் தெரியும். ஒருவரிடமும் கேட்க முடியாது. ஒரு அணிக்காரரிடம் உதவி வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எப்படித் தீர்ப்பு சொல்வது? மதியச் சாப்பாட்டைக்கூட இரண்டு அணியோடும் சேர்ந்து நான் சாப்பிட்டதில்லை. ஸ்கோர் மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன். முப்பத்தொரு வருடமாக இதைப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஞானதுரை இருக்கிறார். ஆனால் அவர் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. மைதானத்தில் தொடங்கி மைதானத்தில் முடிகிற பழக்கம்.

பிப்ரவரி 16, வியாழன்

போகவில்லை. போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 17, வெள்ளி

வலது கண்ணால் கட்டத்தைப் பார்த்தேன். புள்ளியைக் காணோம். புள்ளி இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அழுக்கு. தாளைத் துடைத்தும் பார்த்தேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

வெயில் மிகக் கடுமை. அரையிறுதி. மேலப்பாளையம் அணி 171 எடுத்தால் வெற்றி.

அந்த அணிக்கு முதலில் இறங்குபவர் செய்யது மைதீன். நாற்பத்திரண்டு வயது. மேலப்பாளையத்தில் குடை, தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக என் முன்னால் ஆடுகிறார். எத்தனையோ பேர் அவுட் கொடுத்ததும் முறைப்பார்கள், மட்டையைத் தரையில் அடிப்பார்கள், ஒருத்தன் என் அம்மாவையே இழுத்திருக்கிறான். மைதீன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கையைத் தூக்கினால் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைக் கடக்கும்போது "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த சீசனோடு நிறுத்தப்போவதாக ஜனவரியிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

இன்று நிதானமாக ஆடி 64 எடுத்திருந்தார். அணிக்கு இன்னும் 22 தேவை. அப்போது ஒரு பந்து மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போயிற்று. டக் என்று ஒரு சத்தம். பதினொரு பேரும் கையை விரித்துக் கத்தினார்கள். பந்து மட்டையைக் கடக்கும் இடத்தில் வெயில் கண்ணில் அடித்துவிட்டது. சத்தத்தை வைத்து முடிவு செய்தேன். கையைத் தூக்கினேன்.

மைதீன் அசையாமல் நின்றார். என் கண்ணைத்தான் பார்த்திருப்பார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு அந்த அழுக்குத்தான் தெரிந்தது. பிறகு மட்டையை இடுக்கிக்கொண்டு வந்தார். "சரி சார்."

மேலப்பாளையம் ஆறு ரன்னில் தோற்றது. தீர்ப்பு சரி.

பிப்ரவரி 20, திங்கள்

தீர்ப்பு சரி. சத்தம் கேட்டது.

பிப்ரவரி 21, செவ்வாய்

மின்விசிறியைத் துடைத்தேன். அரிசி புடைத்தேன், கல் தட்டுப்படவில்லை. சாப்பிடும்போது தட்டுப்பட்டது.

அரையிறுதியில் மைதீனுக்குக் கையைத் தூக்கிய நேரத்தில் நான் நின்ற முனைக்கு வெயில் முதுகுப் பக்கம். கண்ணில் அடிக்க வழியே இல்லை.

பிப்ரவரி 23, வியாழன்

எழுதவே கூசுகிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் இந்த நோட்டின் வேலை.

தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையெழுத்து வாங்க வந்த நர்ஸ், "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டார். கூடத்தில் நாலாவது வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி, என் தம்பி என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. நர்ஸ் நேராக அவரிடம் போய், "உங்க அண்ணனுக்கு ஊசி, கையெழுத்துப் போட வாங்க," என்று கூப்பிட்டுவிட்டார்.

அந்த மனிதர் எழுந்து வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாதே," என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. பாதிப்பேர் கண்ணில் கட்டு, இருந்தும் அத்தனை பேரும் பார்த்தது போல இருந்தது.

பிரிசில்லா என்னை ஓரமாக அழைத்துப்போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒருத்தர்கூடவா ஐயா இல்ல?"

"எல்லாருக்கும் சோலி இருக்கும்லா."

"யார்ட்டயாச்சும் கேட்டுப் பாத்தீங்களா?"

தண்ணீர் டம்ளரை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் நோட்டைப் புரட்டி மார்ச் 2 என்று தேதி போட்டுக் கொடுத்தாள். இதுக்கு மேல் தள்ளினால் ஊசி போட்டும் பிரயோசனம் இருக்காது என்றாள். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுகூட இராது. அவள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்பதற்காகவே வேகமாக வெளியே வந்தேன். ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ இடிக்கப் பார்த்தது. நடுவில் வந்தது, அதனால் தெரியவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

இறுதி ஆட்டம். வெயில் கடுமை.

டாஸுக்கு முன்னால் பிட்சைப் பார்க்க நானும் ஞானதுரையும் போனோம். அவர் ஸ்டம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லும்."

"போன வாரம் மைதீன் மட்டையில பந்து படல. பந்து தாண்டுன பொறவுதான் மட்டை தரையில தட்டுச்சு. அந்தச் சத்தந்தான் உங்களுக்குக் கேட்டுருக்கு. ஸ்கொயர் லெக்குல நின்ன எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க என் பக்கம் திரும்பவே இல்லையே அண்ணாச்சி. பெரிய அம்பயர் கேட்டாத்தான் மத்தவன் வாயத் தொறக்கணும். நீங்கதான் எனக்கு அதச் சொல்லிக்குடுத்தீய." கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "அன்னைக்கு அந்த நடு ஸ்டம்பும் சாயல," என்றார்.

கோபம் வந்தது. அவர்மேல் கோபப்பட ஒரு காரணத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பையிலிருந்து ஆறு புளியங்கொட்டையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணில் சின்னக் கோளாறு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், மாற்று அம்பயரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆள் வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

ஆட்டத்தை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நிழல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

பிப்ரவரி 27, திங்கள்

பீரோவில் கோமதியின் சேலைகளுக்கு அடியில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. குற்றாலத்தில் வாங்கியது. "மைதானத்துல போடாட்டி போங்க, மீட்டர் பாக்கப் போகும்போதாச்சும் போடுங்க," என்று கொடுத்தாள். ஒருநாளும் போடவில்லை. பெட்டியோடு அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அவள் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. அன்றைய தேதிக்கு அந்த வருட நோட்டில் ஆட்ட விவரம் மட்டும் இருக்கிறது. வெயில் கடுமை, 214க்கு 9 விக்கெட்.

காலை எட்டேகால். நான் வெள்ளைச் சட்டை போட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களை வாசலில் வந்து நின்று, "இன்னைக்குப் போயித்தான் ஆவணுமா?" என்றாள். அரையிறுதி என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அம்பயர் போனை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, என் போன் ஸ்கோர் மேசைப் பையில் இருந்தது. தேநீர் இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது பதினான்கு அழைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆட்டோ வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு.

இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். கேட்டிருந்தால் கட்டாயம் இருந்திருப்பேன். அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் நான் வீட்டில் இருந்திருக்கிறேன். பிரிசில்லா அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

மேலப்பாளையம் போனேன். மைதீன் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, வாசல் முழுக்கக் குடை தொங்குகிறது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. தீர்ப்பை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு நீங்க அவுட் இல்ல மைதீன். எனக்குக் கண்ணு தெரியல. தெரியாமத்தான் கையத் தூக்கினேன். உங்க கடைசி ஆட்டம். மன்னிச்சுக்கிடுங்க."

அவர் ஒரு குடையை எடுத்து விரித்து, மடக்கி, திரும்ப வைத்தார்.

"தெரியும் சார். படலன்னு எனக்குத் தெரியாம இருக்குமா?"

"நீங்க ஒண்ணுமே சொல்லலயே."

"சொல்லி என்ன சார் செய்ய? ராத்திரி உறக்கம் வரலதான். வீட்டுல எல்லார்ட்டயும் எரிஞ்சு விழுந்தேன். பொறவு யோசிச்சேன். இத்தன வருசத்துல நான் அவுட்டுன்னு எனக்கே தெரிஞ்சு, நீங்க குடுக்காம விட்டது எத்தனை இருக்கும்? அதுக்கு என்னைக்காச்சும் உங்களத் தேடி வந்து சொல்லியிருக்கேனா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணுக்கு என்ன சார்?"

சொன்னேன். ஊசி வியாழக்கிழமை என்றேன். அப்போது ஓர் அம்மா வந்து மூன்று மடிப்புக் குடை கேட்டார். மைதீன் அந்தப் பக்கம் திரும்பினார். நான் வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் கூட்டமே இல்லை. அதையும் விட்டேன். உச்சி வெயில். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் கையை விரித்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள்கூட எவ்வளவு சுலபமாகக் கேட்கிறார்கள். கிடைக்காது என்று தெரிந்தும் கேட்கிறார்கள்.

திரும்பிப் போனேன். மைதீன் என்னைப் பார்த்து, "எதையும் விட்டுட்டுப் போயிட்டீயளா சார்?" என்றார்.

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட ஒரு ஆள் வரணுமாம். எனக்கு யாரும் இல்ல. நீங்க வர முடியுமா?"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"சரி சார்," என்றார். அவுட் கொடுத்தால் சொல்வாரே, அதே மாதிரி, யோசிக்காமல். பிறகு கல்லாவிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "காலையில ஏழரைக்கு வண்டிய எடுத்துட்டு வாரேன். வீடு எங்ஙன இருக்கு சார்? இத்தன வருசம் ஆச்சு, அது தெரியலயே."

சீட்டின் பின்பக்கம் வழியை வரைந்து கொடுத்தேன். கோடெல்லாம் கோணல்.

மார்ச் 2, வியாழன்

இடது கண்ணால் மட்டும் எழுதுகிறேன். வரி ஏறி இறங்கினால் அதற்காகத்தான்.

ஏழு இருபதுக்கே மைதீன் வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரிசில்லா அவரை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தாள். நீலச் சட்டை ஞாபகம் போல.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரிடமே கேட்டாள்.

"என்னைய ஒரு நாப்பது தடவ அவுட்டு குடுத்துருக்காரும்மா," என்றார் மைதீன். அவள் சிரித்துவிட்டு, உறவு என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதினாள். நான் மறுப்புச் சொல்லவில்லை.

ஊசி வலிக்கவில்லை. அது வருவது தெரிகிறது, அதுதான் பயம். போன பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இதற்கு மேல் போகாமல் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அடுத்த ஊசி முப்பதாம் தேதி. நான் வாயைத் திறப்பதற்குள் மைதீன் அதைத் தன் போனில் குறித்துக்கொண்டார். இனி மைதானம் இல்லை. அதை டாக்டரம்மா சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்.

வரும்போது வெயில் ஏறிவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து கோமதி வாங்கித்தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் கழித்து. ரோடு முழுக்க மழை வரப்போகிற மாதிரி இதமாக இருந்தது. இப்படி இருக்கும் என்று தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மைதீன் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்து அடுக்களை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "சார், முகம் ஒரு மாதிரியா இருக்கே. என்ன செய்யுது?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். அவர் போன பிறகும் அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்குக் கோமதி சும்மா நிற்கவில்லை. அதே இடத்தில் நிலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. இன்னொரு கை நெஞ்சில் இருந்தது. நான் தொப்பியை எடுத்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அன்றைக்கு என் இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை. என்ன செய்யுது என்று நான்தான் கேட்கவில்லை.